தாத்தாவின் கப்சாய்க்குப் புதுச் சாயம் வேண்டாம்

காஜாங்கில் எங்கள் வீட்டின் பின்புறம், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் 11 ஆண்டுகளாக நின்றிருந்தது. ஹோண்டா சி70. தாத்தாவின் கப்சாய். அவர் இறந்த பிறகு அதை யாரும் ஓட்டவில்லை. விற்கவும் யாருக்கும் மனம் வரவில்லை. தீபாவளிக்கு மட்டும் எடுக்கும் பெரிய சட்டி, பழைய பாய், என் ஆறாம் ஆண்டுப் புத்தகங்கள் என்று ஒவ்வொன்றாக அதன் மேல் ஏறிக்கொண்டன.

கடந்த செமஸ்டர் விடுமுறையில் அதை ஓட வைக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். “பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டியது. உனக்கு எதுக்குமா இந்த வேலை?” என்றார் அப்பா. சித்தப்பாவின் யோசனை வேறு. பழைய கப் வண்டிகளைத் தேடி வாங்குகிறவர்கள் இப்போது நிறைய. சாயம் அடித்து, குரோம் பூசி, புதிதுபோல் ஆக்கினால் நல்ல விலைக்குப் போகும் என்றார். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கையில் எண்ணெய்க் கறையோடு இருந்த பிறகு எனக்கென்று ஒரு கருத்து உருவாகியிருக்கிறது. பழைய வண்டியை மீட்பது என்றால் அதை ஓட வைப்பது. புதிதுபோல் காட்டுவது அல்ல. தேய்ந்ததை மாற்றலாம், மாற்றியே ஆகவேண்டும். தழும்பை மட்டும் விட்டுவிட வேண்டும்.

கப்சாய் வந்த வழி

ஹோண்டா நிறுவனம் தன் சூப்பர் கப் வண்டியை 1958இல் ஜப்பானில் வெளியிட்டது. கையால் பிடிக்கும் கிளட்ச் அதில் இல்லை. இயந்திரம் வேகமெடுக்கும்போது கிளட்ச் தானாகவே பிடித்துக்கொள்ளும். உணவு கொண்டு செல்லும் கடைப் பையன் ஒரு கையில் தட்டை வைத்துக்கொண்டு மறு கையால் ஓட்ட முடிய வேண்டும் என்ற எண்ணத்தில் வடிவமைத்தார்கள். சேறு தெறிக்காமலிருக்கக் காலுக்கு முன்னால் பிளாஸ்டிக் கவசம் வைத்தார்கள். 2017இல் இந்தக் கப் வரிசையின் மொத்த உற்பத்தி 10 கோடியை எட்டியது.

நம் நாட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர் பினாங்கின் லோ பூன் சியூ. சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, பட்டறை வேலையில் தொடங்கிப் பேருந்து முதலாளியானவர். 1958இல் ஜப்பான் சென்றிருந்தபோது இந்த வண்டியைக் கண்டு விநியோக உரிமையைப் பெற்றார். ‘கப்’ என்ற பெயரோடு, சிறியது என்று பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து ‘கப்சாய்’ ஆனது. இன்று எந்த நிறுவனத்தின் சிறிய மோட்டார் சைக்கிளும் நமக்குக் கப்சாய்தான்.

காஜாங் வட்டாரத்துக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. இங்குள்ள இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890களிலேயே ரப்பர் நட்டார்கள். மலாயாவில் வணிக நோக்கோடு ரப்பர் நடப்பட்ட முதல் தோட்டங்களில் அதுவும் ஒன்று. என் தாத்தா பால்மரம் வெட்டியது செமினிப் பக்கம் இருந்த வேறொரு தோட்டம். முதலில் சைக்கிள். பிறகு, சேர்த்து வைத்த பணத்தில் இந்தக் கப்சாய். வெளிச்சம் வருவதற்கு முன்பே வேலைக் காட்டுக்குப் போவதும், பின்னால் இரும்புக் கேரியரில் பால் வாளிகளைக் கட்டி நிறுவைக் கொட்டகைக்கு வருவதும் இதில்தான்.

தோட்டம் விற்கப்பட்டது. லயங்கள் இடிக்கப்பட்டு, வரிசை வீடுகள் எழுந்தன. இன்று அந்த இடத்தில் நின்றால் எது எங்கே இருந்தது என்று அப்பாவுக்கே சொல்லத் தெரியவில்லை. தோட்டத்திலிருந்து எங்களோடு வந்து மிஞ்சியிருக்கும் ஒரே பெரிய பொருள் இந்த வண்டி.

வலுக்கட்டாயம் கூடாது

நான் கணக்கியல் மாணவி. என் பாடப்புத்தகப்படி பார்த்தால் தேய்மானம் கழிந்து இந்த வண்டியின் மதிப்பு எப்போதோ சுழியமாகிவிட்டது. ஸ்பானர் எந்தப் பக்கம் திருகும் என்பதுகூட எனக்குத் தெரியாது. அதனால் காஜாங்கில் நெடுங்காலமாகக் கப்சாய் பழுது பார்த்து வரும் ஒரு சீன அங்கிளிடம் போனேன். வண்டியை அவரிடம் விட்டுவிட்டு வருவதற்குப் பதிலாக, நானே செய்கிறேன், சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். சிரித்தார். சனிக்கிழமைதோறும் வரச் சொன்னார்.

முதல் பாடம், உடனே உதைக்கக் கூடாது என்பது. ஆண்டுக்கணக்கில் நின்ற இயந்திரத்தில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். கிக்கரை ஓங்கி மிதித்தால் வளையம் உடையும், சுவர் கீறும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருந்தோம். பிறகு ஃபிளைவீல் நட்டில் ஸ்பானர் போட்டு மெல்லத் திருப்பினோம். “ஜாங்ஙான் பக்சா” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வலுக்கட்டாயம் செய்யாதே என்று பொருள். மூன்றாவது முயற்சியில் அசைந்தது.

அடுத்தது பெட்ரோல். தேங்கி நிற்கும் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற ஒரு படிவத்தை விட்டுச்செல்லும். கார்புரேட்டரின் ஜெட் துளை மிகவும் நுண்ணியது. அந்தப் பிசின் அதை அடைத்துவிடும். சி70 வண்டியின் டேங்க் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதை வினிகர் ஊற்றி ஊறவைத்துத் துருவைக் கழுவினோம். பற்றவைக்கும் மின்பொறிக்குக் காரணமான பாயிண்டுகள் கறுத்துப்போயிருந்தன. நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் வைத்தோம். தகரத்தை அழுத்திச் செய்த உடற்சட்டம் உள்ளிருந்து துருப்பிடிக்கக்கூடியது என்பதால் அதையும் ஒவ்வோர் இடமாகத் தட்டிப் பார்த்தோம். நல்லவேளை, உறுதியாக இருந்தது.

கேரியரின் அடியில்

கேரியரைக் கழற்றித் துடைத்த அன்றுதான் என் கருத்து உறுதியானது. அதன் அடிப்பக்கத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. தார் என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. பல ஆண்டுகளாக வாளியிலிருந்து சிந்திச் சிந்தி, அடுக்கடுக்காய் உறைந்துபோன ரப்பர் பால்.

தாத்தா வெட்டிய மரங்கள் இல்லை. அவர் இருந்த லயம் இல்லை. அவர் எடுத்த பால் மட்டும் விரல் அகலத்துக்கு இதில் இருக்கிறது. சித்தப்பா சொன்னபடி சாயப் பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தால், முதல் வேலையாக அதைத்தான் சுரண்டி எறிந்திருப்பார்கள். கேரியரில் வாளி உரசி உரசி விழுந்த பள்ளங்களும் நிரவப்பட்டிருக்கும். வண்டி அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது எந்த ஊரிலும் எவருக்கும் சொந்தமாக இருக்கக்கூடிய ஒரு சி70. எங்கள் தாத்தாவுடையது என்று சொல்ல அதில் ஒன்றும் இருந்திருக்காது.

இதை நான் சொன்னபோது, “அப்படியானால் பழைய டயரோடயே ஓட்டிக்கோ” என்றார் சித்தப்பா. நியாயமான கேள்வி. அங்கேதான் எல்லை வகுக்க வேண்டியிருக்கிறது. ரப்பர் வெடித்த இரண்டு டயர்களும், பிரேக் ஷூக்களும், கேபிள்களும், சங்கிலியும், உறை உதிர்ந்த ஒயர்களும் மாற்றப்பட்டன. அவற்றில் எனக்கு எந்தப் பாசமும் இல்லை. நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழக்கும் 10 பேரில் 6 பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். நினைவுச் சின்னம் என்பதற்காகப் பிடிக்காத பிரேக்கோடு ஒரு வண்டியைச் சாலையில் விடுவது பாசம் ஆகாது. மங்கலான விளக்கும் சிறிய பிரேக்கும் கொண்ட இந்த வண்டியில் நெடுஞ்சாலையில் ஏறி வகுப்புக்குப் போகும் எண்ணமும் எனக்கு இல்லை.

ஆக, உயிரைக் காக்கும் பாகம் எதுவானாலும் மாற்று. கதையைக் காக்கும் பாகம் எதுவானாலும் விடு. சைலன்சரையும் இப்படித்தான் விட்டோம். சத்தம் கூட்டும் புதுக் குழாயைப் பொருத்தும்படி நண்பர்கள் சொன்னார்கள். துருவை மட்டும் நீக்கிப் பழையதையே பூட்டினேன். வண்டி முதன்முதலில் உயிர்பெற்ற மாலையில், அதுவரை எதுவுமே சொல்லாதிருந்த பாட்டி அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். “இந்தச் சத்தம் தூரத்துல கேக்கும்போதே சோத்துக்கு உலை வைப்பேன்” என்றார். புதுக் குழாய் போட்டிருந்தால் அந்த வார்த்தை எனக்குக் கிடைத்திருக்காது.

அதன் பிறகு ஒரு வாரம் அவர் பேசியதை எழுதி வைத்திருக்கிறேன். வண்டி என்ன விலை, எத்தனை மாதத் தவணை, மழை நாளில் வேலை நின்றால் தவணைக்கு என்ன செய்தார்கள், வண்டியில் மருத்துவமனைக்குப் போய்ப் பிறந்த பிள்ளை யார் என்று எல்லாம். இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் ரப்பர் உற்பத்தியைப் பற்றிப் படித்துத் தேர்வு எழுதியவள் நான். ஒரு மழை மாதம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கையும் ஒரு படிப்புதான்

பிரித்துப் பார்த்துக் கற்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடு (1893–1974) பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து வியந்து, உணவகத்தில் வேலை செய்து பணம் சேர்த்து, அதை வாங்கினார். வாங்கியவர் அதைப் பாகம் பாகமாகப் பிரித்து, மறுபடியும் பூட்டினார். பின்னர் 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய அவர், பெரும் தொழில்முனைவராகவும் கண்டுபிடிப்பாளராகவும் வளர்ந்தார்.

நம்மில் எல்லாரும் நாயுடு ஆகிவிட முடியாது. ஆனால் கைவேலை என்றால் மதிப்பெண் குறைந்தவர்களுக்கானது என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. எனக்கும் இருந்தது. ஒரு திருகு வராதபோது எவ்வளவு அழுத்தலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அங்கிளின் கை அறிந்திருந்தது. அது எந்தக் கையேட்டிலும் இல்லை. அவரிடம் கற்க இப்போது பிள்ளைகள் வருவதில்லையாம். அவர் கடையை மூடும் நாளில் அந்த அறிவும் சேர்ந்து மூடப்படும்.

இன்னும் ஒரு வேலை

வண்டி ஓடுகிறது என்றாலும் இன்னும் சாலைக்கு வரவில்லை. கிராண்டில் இருப்பது தாத்தாவின் பெயர். இறந்தவர் பெயரில் உள்ள வாகனத்தை மாற்ற வாரிசுகள் முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். வீடு, நிலம் இல்லாமல் அசையும் சொத்து மட்டுமே, அதுவும் 6 லட்சம் ரிங்கிட்டுக்குள் என்றால் அமானா ராயா மூலமாகவே முடிக்கலாம். பிறகு ஜேபிஜே, காப்புறுதி, சாலை வரி. இப்படி ஒரு வண்டி உங்கள் வீட்டிலும் இருந்தால், உதிரிப்பாகம் வாங்குவதற்கு முன்பே அதன் பதிவு நிலை என்ன என்று ஜேபிஜேயில் கேட்டுவிடுங்கள். நான் அதைக் கடைசியில்தான் கேட்டேன். அது என் தவறு.

இதுவரை எனக்கு 1,180 ரிங்கிட் செலவு. பகுதிநேர வேலையில் சேர்த்தது. கணக்குப் புத்தகத்தில் இதை லாபம் என்று காட்ட வழியில்லை. சித்தப்பா வாரிசு ஒப்புதலில் கையெழுத்துப் போட்டுவிட்டார். போட்டுக்கொண்டே, “நானா இருந்தா சிவப்புச் சாயம் அடிச்சிருப்பேன்” என்று சொல்லவும் தவறவில்லை.

உங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் இல்லாமல் இருக்கலாம். தையல் இயந்திரமோ, வால்வு ரேடியோவோ, தாத்தாவின் கடிகாரமோ இருக்கும். அதைத் தூக்கிப் போடுவதற்கும், பளபளவென்று ஆக்கி மாட்டி வைப்பதற்கும் முன்னால் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். திருகாணிகளை முட்டை அட்டையில் வரிசையாக வையுங்கள். அதைப் பயன்படுத்தியவர் உயிரோடு இருந்தால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். கை வேலை செய்யும்போது அவர்கள் பேசுவார்கள். அதைக் கேட்க நமக்கு இன்னும் நிறைய ஆண்டுகள் இல்லை.