பாரிசில் ஒரு தேர்

சென்ற ஆண்டு ஆவணித் திங்களில், கோடை வெயில் தணியும் வேளையில், பிரான்சின் தலைநகராகிய பாரிசைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அழைத்தவர் என்னிடம் பயின்ற பழைய மாணவர் ஒருவர். ஈபில் கோபுரத்தையும் செயின் நதியையும் கண்டு வியந்தேன். ஆயினும் நெஞ்சில் நிலைத்தது லா சப்பல் பகுதியிற் கண்ட தேர்த் திருவிழாவே.

1985இல் நிறுவப்பெற்ற மாணிக்க விநாயகர் ஆலயத்தில் 1996 முதல் இவ்விழா நிகழ்கின்றது. வீதியெங்கும் சிதறுதேங்காய்; காவடி; கற்பூரச்சட்டி ஏந்திய மகளிர்; நாதசுர ஒலி. அமிர்தகழி மாமாங்கத் திருவிழாவில் நிற்கின்றேனோ என மயங்கினேன்.

அன்று எனக்கு வழிகாட்டியவன் அம்மாணவரின் பத்து வயது மகன். மெட்ரோ நிலையங்களில் எழுதியிருந்த பிரெஞ்சுச் சொற்களையெல்லாம் விரைந்து படித்து என்னை அழைத்துச் சென்றான். கோயிலை அடைந்ததும் அங்கே தமிழில் எழுதியிருந்த ஒரு வரியைக் காட்டி, "இதனைப் படி, தம்பி" என்றேன். அவன் தந்தையின் முகத்தை நோக்கினான். "நல்லாக் கதைப்பான், ஐயா, வாசிக்கத்தான் தெரியாது" என்றார் அவர், தலைகுனிந்து.

அந்நகரத்து வீதிகளில் எழுத்தறியாதவன் நான். கோயில் வாயிலில் எழுத்தறியாதவன் அவன். என் குறை ஒரு வாரத்தில் நீங்கிற்று, ஊர் திரும்பிவிட்டேன். அவன் குறை நீங்குவது எங்ஙனம்?

அதே பாரிசில் யூலியன் வின்சன் என்னும் பிரெஞ்சுப் பேராசிரியர் தமிழ் கற்பித்து, 1903இல் தமிழ் மொழிக் கையேடு ஒன்றையும் வெளியிட்டார். 1970இல் மூன்றாவது உலகத் தமிழ் மாநாடு கூடியதும் அந்நகரிலேயே. பிறர் விரும்பிக் கற்ற மொழியை நம் குழந்தைகள் அங்கே இழத்தல் தகுமோ?

"பிரெஞ்சு சோறு போடும், தமிழ் என்ன தரும்?" என்பர் சிலர். பிரெஞ்சை விடுமாறு நாம் கூறவில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் ஆங்கிலமும் அறிவியலும் கற்ற பின்னரே யாழ்நூல் தந்தார். ஒன்றைக் கற்றல் மற்றொன்றை மறத்தலன்று. மட்டக்களப்பிலிருந்து அப்பம்மா எழுதும் கடிதத்தைப் பிறர் துணையின்றிப் படிக்கும் பேறு சிறிதாமோ?

கடல் கடந்த பழைய மாணவரிடம் கட்டடத்துக்குப் பொருள் கேட்கின்றோம். அவர்களும் மனமுவந்து தருகின்றனர். அவர்தம் பிள்ளைகளை அனுப்புமாறு என்றேனும் கேட்டோமா? பிரான்சில் யூலை, ஆகஸ்டு மாதங்கள் பள்ளி விடுமுறைக் காலம். அக்காலத்தில் ஊர் வரும் பிள்ளைகளுக்கு நம் கல்லூரியில் மாலைநேரத் தமிழ் வகுப்பொன்று தொடங்குவோம். நான்கு வாரம் போதும், நெடுங்கணக்கைக் கற்பிக்க. வாவிக்கரையில் நம் மாணவரோடு விளையாடினால் பேச்சும் தெளியும். கற்பிக்க நான் ஆயத்தமாக உள்ளேன். உடன் வருவோர் முன்வருக.

தேரை அங்கு நம்மவர் இழுத்துவிட்டனர். அதன் பின்னே வரும் பிள்ளைக்கு எழுத்தைக் கொடுப்பது நம் கடன். இவ்விழா ஆண்டில் நம் கல்லூரி ஏற்கத்தக்க பணி இதனினும் வேறுண்டோ?