படம் வரையுமுன் பட்டறை எதற்கு?

எனது சகோதரியின் மகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில், நிரல் எழுதிப் படம் வரையக் கற்கவெனத் தனியார் வகுப்பொன்றிற் சேர்ந்தாள். முதல் இரண்டு வாரமும் அங்கே ஒரு கோடுகூட வரையப்படவில்லை. விசுவல் ஸ்டூடியோ கோட் என்ற எடிட்டரை நிறுவுவதிலும், நீட்சிகள் சேர்ப்பதிலும், அதன் நிறத்தை மாற்றுவதிலுமே காலம் கழிந்தது. (எங்கள் தொழிலில் எடிட்டர் என்றால் அறைக்குள் இருந்து கோபிப்பவர்; இங்கே அது நிரலை எழுதித் திருத்தும் மென்பொருள்.) வீட்டிலிருந்த பழைய மடிக்கணினி அதைத் திறக்கவே மூச்சு வாங்கியது. “மாமா, எனக்கு உது சரிவராது போல” என்றாள். மூன்றாம் வாரம் அவள் போகவில்லை.

2015 இல் மைக்ரோசொப்ட் அறிமுகப்படுத்திய அந்த மென்பொருளை நான் குறைகூற வரவில்லை. சிலேற்றும் பென்சிலும் கேட்டு வந்த பிள்ளைக்குப் பட்டறையைத் திறந்துவிட்டதையே பிழை என்கிறேன்.

கலைஞர்களும் நிரல் எழுதவேண்டும் என்ற எண்ணத்தோடு கேசி ரீஸ், பென் பிறை இருவரும் 2001 இல் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ‘புரொசெசிங்’கைத் தொடங்கினர். அதன் வழியில், உலாவியின் ‘கன்வஸ்’ என்னும் வரைபரப்புக்கென லோரன் மக்கார்த்தி உருவாக்கியதே பி5 ஜேஎஸ். அதற்கு இணையத்திலேயே இலவச எடிட்டர் உண்டு. இடப்பக்கம் நிரல், வலப்பக்கம் படம். நிறுவ எதுவுமில்லை; சேமிப்பதற்கு மட்டுமே கணக்கு வேண்டும்.

அதைத் திறந்து அவளருகில் அமர்ந்தேன். 400க்கு 400 என்ற அளவில் ஒரு சாம்பல்நிறச் சதுரம் ஆயத்தமாக நின்றது. தொடக்கப் புள்ளி இடது மேல் மூலை. கீழே போகப்போக எண் கூடும். பாடசாலை வரைபுத்தாளில் மேலே போகத்தான் கூடும் என்பதால் அவள் குழம்பினாள். எனக்குக் குழப்பமில்லை. பத்திரிகைப் பக்கத்தை முப்பது வருடமாக மேலிருந்து கீழாகவே அளந்து பழகியவன்.

சுட்டி செல்லுமிடத்தில் வட்டம் வரையும் வரியொன்றை எழுதினோம். ‘டிரோ’ என்ற பகுதி வழமையாக விநாடிக்கு 60 தடவை இயங்கும். ஒவ்வொரு தடவையும் பின்னணி புதிதாகப் பூசப்படுவதால் முந்திய வட்டம் மறையும். அந்தப் பின்னணி வரியை அவள் தவறுதலாக வெட்டி, ஒரேயொரு தடவை இயங்கும் ‘செற்அப்’ பகுதிக்குள் ஒட்டிவிட்டாள். வட்டங்கள் மறையாமல் மரவட்டைபோல் நீண்டன. “ஐயோ, பிழைச்சுப்போச்சு” என்றவள், அடுத்த ஒரு மணித்தியாலம் அந்தப் பிழையை வைத்தே வரைந்தாள். ‘அகலம்’ என்று தமிழிலேயே மாறிக்குப் பெயரிட்டாலும் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கும் என்று கண்டபோது அவளைவிட நானே அதிகம் மகிழ்ந்தேன்.

பட்டறைக்கும் வேளை வரும். டேட்டா தீர்ந்த நாட்களுக்காக, பி5 கோப்பை முன்னரே தரவிறக்கி வைத்து, நோட்பேட்டில் எழுதி உலாவியில் திறந்தாலும் படம் வரும். எனினும், அவ்வாறு திறந்த பக்கம் கணினியிலுள்ள புகைப்படமொன்றை ஏற்ற முயன்றால் பாதுகாப்புக் கருதி உலாவி மறுத்துவிடும். கணினிக்குள்ளேயே சிறு சேவையகம் ஒன்று வேண்டும். விசுவல் ஸ்டூடியோ கோட்டும் அதன் ‘லைவ் சேர்வர்’ நீட்சியும் அப்போதுதான் உதவும். கோப்புகள் பலவாகும்போது, பிழையின்கீழ்ச் சிவப்புக் கோடிடும் அதன் ஒப்புநோக்குநர் வேலையின் அருமையும் தெரியும்.

சென்ற வாரம், அம்மம்மாவின் புகைப்படத்தைப் புள்ளிகளாகச் சிதறவைக்க வேண்டுமென்றாள். லைவ் சேர்வரை அவளே நிறுவிவிட்டாள். மடிக்கணினி இப்போதும் மூச்சு வாங்குகிறது.