காட்டோரக் காவலுக்குக் கையடக்க ரேடியோ: வாங்கும் முன் தெரிய வேண்டியவை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: "எங்கள் ஊர் காட்டை ஒட்டி இருக்கிறது. ராகியும் மக்காச்சோளமும் கதிர் பிடித்துவிட்டால், அறுவடை முடியும்வரை ஒன்பது குடும்பத்துக்காரர்கள் முறை வைத்து ராத்திரிக் காவல் இருக்கிறோம். நான்கு பரண்கள். ஒரு பரணில் இருப்பவர் சத்தம் போட்டால் அடுத்த பரணுக்குக் கேட்காது. செல்போன் சிக்னல் ஊருக்குள் மட்டும்தான். போன மாதம் வடக்குப் பரணில் இருந்தவர் கத்தியும், கிழக்கே இருந்தவர் தெரியாமல் வரப்பில் நடந்து யானைக் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே போய்விட்டார். நல்ல வேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாக்கி டாக்கி வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இதற்கு லைசென்ஸ் வேண்டுமா? எந்த வகை வாங்குவது? எப்படிப் பயன்படுத்துவது?"

– தாளவாடி வட்டார வாசகர், ஈரோடு மாவட்டம்.

பதில்:

டவர் எட்டாத தோட்டங்களில் கையடக்க ரேடியோ நல்ல துணை. சிம் கார்டு இல்லை, மாதக் கட்டணம் இல்லை. ஒரு செட்டிலிருந்து கிளம்பும் அலை நேராக அடுத்த செட்டுக்குப் போகிறது. ஒருவர் பேசினால் அந்தச் சேனலில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். காவலுக்கு இது செல்போனைவிட வசதி.

ஆனால், காலையில் வாங்கி வந்து அன்று ராத்திரியே அதை நம்பிக் காட்டோரம் போகக்கூடாது. சட்டப்படியான செட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். தோட்டத்தில் நடந்து சோதிக்க வேண்டும். பேசும் ஒழுங்கை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மூன்றில், கடைசியாகச் சொன்னதுதான் உயிரைக் காப்பது.

லைசென்ஸ் வேண்டுமா?

எல்லா வாக்கி டாக்கிக்கும் ஒரே பதில் கிடையாது. செட் எந்த அலைவரிசையில் வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது.

இந்தியாவில் பொதுமக்கள் லைசென்ஸ் இல்லாமல் பேசுவதற்கு முக்கியமாக இரண்டு அலைவரிசைகள் உள்ளன. ஒன்று, சிட்டிசன் பேண்ட் எனப்படும் சி.பி. ரேடியோ. 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இந்த அலைவரிசைக்கு 2005-ல் விலக்கு கொடுக்கப்பட்டது. 5 வாட் சக்திக்கு மேல் போகக்கூடாது. ஆன்டெனா செட்டோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும். எனவே, தென்னை உயரத்துக்குக் கம்பி நட்டுத் தனி ஆன்டெனா கட்டுவது இந்த விலக்கில் அடங்காது. இன்னொன்று, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ். இதற்கு 2018-ல் விலக்கு வந்தது. சக்தி குறைந்த சின்ன செட்டுகளுக்கானது.

இரண்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. யாருக்கும் இடைஞ்சல் செய்யக்கூடாது. மற்றவர் பேச்சு குறுக்கே வந்தால், 'இது எங்கள் சேனல்' என்று உரிமை கோரவும் முடியாது. ஊர்ப் பொதுக்கிணறு போல எல்லோருக்கும் பொது.

மலிவாகக் கிடைக்கும் பல செட்டுகள் 136 முதல் 174, 400 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் என்று எந்த எண்ணிலும் பேசும்படி இருக்கும். காவல்துறை, வனத்துறை போன்றவர்களின் வயர்லெஸ் பேச்சும் இந்த எல்லைக்குள் வரக்கூடும். லைசென்ஸ் இல்லாமல் இவற்றை வைத்திருந்தால் வழக்கு வரும். வனத்துறையின் பேச்சுக்குக் குறுக்கே விழுந்தால், உதவிக்கு வருகிறவர்களையே தடுத்ததாகிவிடும். இப்படிப்பட்ட செட்டுகள் விவரம் சொல்லாமல் இணையக் கடைகளில் விற்கப்பட்டதால்தான், 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வாக்கி டாக்கி விற்பனைக்குத் தனியாக நெறிமுறைகளை வெளியிட்டது.

பெட்டியின் மேல் 'லைசென்ஸ் தேவையில்லை' என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. அலைவரிசை எண் மேலே சொன்ன எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு தரும் 'ஈ.டி.ஏ.' எனும் கருவி ஒப்புதல் சான்றின் நகலைப் பில்லோடு கேட்டு வாங்க வேண்டும். தரமாட்டேன் என்கிற கடையில் வாங்கத் தேவையில்லை. பில், சான்று நகலை ஊரில் ஒருவர் பத்திரமாக வைத்துக்கொண்டு, வனச்சரக அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. ராத்திரியில் ரோந்து வருகிறவர்களுக்குச் சந்தேகம் வராது.

சி.பி. செட்டா, 446 செட்டா?

27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அதற்குச் சரியான கால் அலை ஆன்டெனா ஒன்பது அடி இருக்க வேண்டும். கையடக்க செட்டில் அதைச் சுருட்டி ஒரு அடிக்குள் அடக்குவதால், பேச்சின் வலுவில் பெரும்பகுதி வீணாகிறது. 446 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஏழு அங்குல ஆன்டெனாவே போதும். செட்டும் சிறிது, பேட்டரியும் நீடிக்கும்.

மறுபக்கம், 27 மெகாஹெர்ட்ஸ் அலை மேடுபள்ளத்தையும் மரத்தோப்பையும் ஓரளவு சுற்றி வளைந்து போகும். 446 அலையை இலைகள் விழுங்கிவிடும். மழையில் நனைந்த இலை இன்னும் அதிகமாக விழுங்கும். பரணுக்குப் பரண் பார்வை படுகிற இடத்தில் 446 செட் போதுமானது. நடுவே மேடோ அடர்ந்த தோப்போ இருந்தால் சி.பி. செட்டையும் சோதித்துப் பார்க்கலாம்.

சி.பி. வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு செட்டுகளில் 40 சேனல்கள் இருக்கும். அமெரிக்க வரிசைப்படி அமைந்த செட்டில் 1 முதல் 27 வரையிலான சேனல்கள்தான் இந்திய எல்லைக்குள் வருகின்றன. 28-ம் சேனல் 27.285 மெகாஹெர்ட்ஸ்; அதுவே எல்லையைத் தாண்டிவிடுகிறது.

பெட்டியில் போட்டிருக்கும் 'பத்து கிலோமீட்டர்' கணக்கை நம்ப வேண்டாம். அது மலை உச்சிக்கு மலை உச்சி, நடுவில் ஒன்றும் இல்லாதபோது கிடைக்கும் தூரம். பயிர் நிற்கிற நிலத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைத்தாலே திருப்திப்படலாம். அடர்ந்த தோப்புக்குள் அதுவும் குறையும்.

செட்டைத் தயார் செய்தல்

எல்லா செட்டிலும் ஒரே சேனலை வைத்து, பொத்தான் பூட்டைப் போட்டுவிட வேண்டும். மடியில் வைத்திருக்கும்போது சேனல் தானாக மாறிவிட்டால், அவர் அந்த ராத்திரி முழுக்கத் தனி ஆள்தான்.

அடுத்தது 'ஸ்குவெல்ச்'. யாரும் பேசாதபோது வரும் இரைச்சலை அடக்கும் திருகு இது. இரைச்சல் நிற்கும் வரை மெதுவாகத் திருக வேண்டும். நின்றதும் ஒரு மயிரிழை கூட்டி விட்டுவிட வேண்டும். 'சத்தமே இல்லாமல் நிம்மதியாக இருக்கட்டும்' என்று முழுக்கத் திருகிவிட்டால், தூரத்திலிருந்து பலவீனமாக வரும் குரலும் அடங்கிவிடும். ஆபத்தில் இருப்பவரின் குரல் அதுவாகவே இருக்கலாம்.

446 செட்டுகளில் 'பிரைவசி கோடு' என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்து, அடுத்தவர் ஒட்டுக்கேட்க முடியாது என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கு நம் பேச்சு கேட்கும். நம் செட் கோடு பொருந்தாத குரலைக் காதில் போடாது, அவ்வளவுதான். ஒருவர் கோடு போட்டு இன்னொருவர் போடாமல் விட்டால், போட்டவர் காதில் மற்றவர் பேச்சு விழாது. அதைப் பார்த்து 'புது செட் ரிப்பேர்' என்று நினைத்துவிடக் கூடாது. காவலுக்கு அதைப் பூஜ்யத்திலேயே வைத்துவிடலாம்.

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, ஒரு ராத்திரி வீட்டிலேயே ஓடவிட்டு விடியும் வரை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கேட்பதற்கு ஆகும் செலவு குறைவு. பேசும்போதுதான் பேட்டரி வேகமாக இறங்கும். ஆன்டெனா இல்லாமல் பேச்சுப் பொத்தானை அழுத்தவே கூடாது, செட் பழுதாகிவிடும்.

நடந்து பார்க்கும் சோதனை

ஒருவர் ஊருக்குள், செல்போன் சிக்னல் கிடைக்கும் வீட்டில் செட்டோடு இருக்க வேண்டும். இதுதான் தாய் செட். இன்னொருவர் பரண், வரப்பு, அகழி ஓரம், கிணற்றடி என்று காவலர்கள் நடமாடும் எல்லா இடங்களிலும் நின்று பேச வேண்டும். தெளிவாகக் கேட்டது, விட்டுவிட்டுக் கேட்டது, கேட்கவேயில்லை என்று ஒரு தாளில் குறிக்க வேண்டும்.

இந்தச் சோதனையைக் கோடையில் வெறும் நிலத்தில் செய்து பயனில்லை. மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும்போது, மழை பெய்த மறுநாள் செய்ய வேண்டும். அப்போது கேட்டால் எப்போதும் கேட்கும்.

கேட்காத இடத்தில் செட்டை நெட்டுக்குத்தாகப் பிடித்து, நாலடி தள்ளியோ மேட்டில் ஏறியோ பேசிப் பார்க்கலாம். வாட் கூடுவதைவிட உயரம் கூடுவதில் பலன் அதிகம். அப்படியும் கேட்காவிட்டால், இரண்டு பக்கமும் கேட்கிற பரணில் இருப்பவர் செய்தியை வாங்கித் திருப்பிச் சொல்லலாம். யாருக்கும் கேட்காத இடம் என்று தெரிந்தால், ராத்திரியில் அங்கே தனியாகப் போவதில்லை என்று முடிவு செய்துவிட வேண்டும்.

பேசும் ஒழுங்கு

பொத்தானை அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, வாயிலிருந்து மூன்று விரல் தள்ளிப் பிடித்துச் சாதாரணக் குரலில் பேச வேண்டும். அழுத்தியதும் பேசினால் முதல் வார்த்தை போகாது. 'வடக்கே வராதே' என்பதில் 'வடக்கே' விழாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். கத்தினால் குரல் சிதையும். பேசி முடித்ததும் 'முடிஞ்சுது' என்று சொல்லிப் பொத்தானை விட வேண்டும். விடாமல் பிடித்திருந்தால் மற்றவர் யாரும் பேச முடியாது.

எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒழுங்கு இது. அரை மணிக்கு ஒரு முறை தாய் செட்டிலிருந்து ஒவ்வொரு பரணையும் வரிசையாக அழைக்க வேண்டும். 'ஒன்னாம் பரண்?' 'இருக்கேன்.' 'ரெண்டாம் பரண்?' 'இருக்கேன்.' நான்கு பரணுக்கும் ஒரு நிமிடம் ஆகாது.

ஒரு பரணிலிருந்து பதில் வரவில்லை என்றால், அந்த மௌனமும் ஒரு செய்திதான். 'பேட்டரி தீர்ந்திருக்கும், தூங்கியிருப்பார்' என்று விட்டுவிடக் கூடாது. உடனே மறுபடியும், ஐந்து நிமிடத்தில் மூன்றாவது முறையும் அழைத்து, பக்கத்துப் பரணிலிருந்தும் கூப்பிடச் சொல்ல வேண்டும். அப்போதும் பதில் இல்லாவிட்டால் வனச்சரக அலுவலகத்துக்குப் போன் போக வேண்டும். அந்த எண் தாய் செட் இருக்கும் வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். தேடப் போகிறவர்கள் தனியாகப் போகாமல், வெளிச்சத்தோடு, கூட்டாக, முடிந்தால் வண்டியில் போக வேண்டும்.

யானை பக்கத்தில் நிற்கும்போது செட் திடீரென்று அலறினால் அதுவே ஆபத்து. ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டுக்கொள்ளலாம். மற்றக் காது காட்டுச் சத்தத்துக்கு. வாய் திறக்க முடியாத நேரத்தில், பேச்சுப் பொத்தானை இரண்டு முறை தட்டினால் 'கேட்கிறது, பேச முடியாது' என்று பொருள் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. 'இங்கே வந்திருக்கு, எல்லாரும் வாங்க' என்று கூட்டம் சேர்த்து விரட்டுவதற்கு ரேடியோவைப் பயன்படுத்தக் கூடாது. மிரண்ட யானை எந்த வரப்பில் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனை யானை, எந்த நிலத்தில், எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்லி, வழியில் இருப்பவர்களைப் பரண் மேலேயே இருக்கச் செய்வதுதான் இதன் வேலை. விரட்டும் வேலை வனத்துறைக் குழுவுடையது.

கூடுதல் கேள்விகள்

செட்டில் 'டிக், டிக்' என்று சீராகச் சத்தம் வருகிறதே?

சி.பி. செட்டில் இது வந்தால், பக்கத்தில் இருக்கும் சோலார் மின்வேலியைப் பார்க்க வேண்டும். கம்பியில் புல் உரசினாலோ இன்சுலேட்டர் உடைந்திருந்தாலோ, அங்கே பொறி பறந்து இந்தச் சத்தம் வரும். செட்டோடு வேலி ஓரம் நடந்து, சத்தம் கூடும் இடத்தைப் பார்த்தால் பழுது எங்கே என்று தெரிந்துவிடும்.

பகலில் புரியாத மொழியில் யாரோ பேசுகிறார்களே?

வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் 27 மெகாஹெர்ட்ஸ் அலை, சில நாட்களில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரும். செட்டில் கோளாறு இல்லை. இருட்டிய பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒன்பது குடும்பத்துக்கு எத்தனை செட்?

பரணுக்கு ஒன்றாக நான்கு, ஊருக்குள் தாய் செட் ஒன்று, உதிரியாக ஒன்று. ஆறு போதும். முறை மாறும்போது செட்டும் கை மாறட்டும். ஆனால், ஒன்பது வீட்டிலும் பெண்கள் உட்பட எல்லோருக்கும் பேசத் தெரிந்திருக்க வேண்டும். தாய் செட்டின் முன்னால் விடிய விடிய உட்காருவது பெரும்பாலும் அவர்கள்தான்.