கிரில்லை அடைத்தால் மைலேஜ் கூடுமா?

குடும்பத்தோடு நெடுந்தூரம் போக மினிவேன் வசதிதான். ஆனால் முகம் அகலம், உயரமும் அதிகம். அதனால் நெடுஞ்சாலையில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகவே நிறைய எரிபொருள் செலவாகிறது. வேகம் 50 கிலோமீட்டரிலிருந்து 100 ஆனால், காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு!

இதற்காக அமெரிக்காவில் சிலர் முன்பக்க கிரில்லை அட்டை வைத்து அடைக்கிறார்கள். உள்ளே புகும் காற்று குறைந்தால் எதிர்ப்பும் குறையும் என்பது உண்மைதான். ஆனால் ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் அந்தக் காற்றை நம்பித்தான் இருக்கின்றன. முழு லோடோடு மலை ஏறும்போது சூடு எகிறினால், ஹெட் கேஸ்கட் போய்விடலாம். மிச்சம் பிடித்த பெட்ரோல் காசைவிட மெக்கானிக் பில் பல மடங்கு வரும்.

2016-ல் அறிமுகமான கிறைஸ்லர் பசிஃபிகா மினிவேனில் இதற்கு வழி இருக்கிறது. கிரில் பகுதியில் தானாக இயங்கும் ஷட்டர்கள். குளிர்ச்சி தேவைப்பட்டால் திறக்கும், இல்லையென்றால் மூடிக்கொள்ளும்.

அந்த வசதி இல்லாத வண்டியா? கிரில்லைத் தொடாதீர்கள். சும்மா கிடக்கும் ரூஃப் கேரியரைக் கழற்றுங்கள், வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். டெம்பரேச்சர் முள் ஏறினால் ஓரங்கட்டுங்கள். சூடு தணியும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது!