கொல்லிப்பாவைக்கு எத்தனை உயிர்?

கொல்லிப்பாவைக்கு நூற்றெண்பது உயிர்ப் புள்ளிகளாம். அடித்து அடித்து நூற்றெண்பதையும் கழித்துவிட்டால் அவள் செத்துப் போவாளாம். கொன்றவனுக்கு இத்தனை அனுபவப் புள்ளி, இத்தனை பொற்காசு என்று பக்கத்திலேயே அட்டவணையும் போட்டிருக்கிறது.

ஓர் இளைஞர் என் அபிப்பிராயம் கேட்டு அனுப்பிய கைப்பிரதியில் உள்ள சங்கதி இது. பிரதி அழகாகத்தான் இருக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளும், பலாவும், மிளகுக்கொடியும், அறப்பளீசுவரர் கோயிலும், ஆகாய கங்கை அருவியும் படத்தில் அதனதன் இடத்தில் இருக்கின்றன. மலையைக் கண்ணால் பார்த்தவர் எழுதியது என்பதில் சந்தேகமில்லை. என் சண்டை அவரோடு அல்ல. அவருக்கு யோசனை சொன்னவர்களோடு. “விதிகளை யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே. அமெரிக்கக் கம்பெனியின் விதிகள் தயாராக இருக்கின்றன, லைசென்ஸும் இருக்கிறது. நம்முடைய கதையை அதற்குள் போட்டு அடைத்துவிடு” என்றார்களாம். அவரும் அடைத்துவிட்டார். கொல்லிப்பாவை மூச்சு முட்டிக் கிடக்கிறாள்.

இந்த விளையாட்டைப் பார்த்திராத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. இங்கிலீஷில் ரோல் பிளேயிங் கேம் என்கிறார்கள். நான் வேஷ விளையாட்டு என்கிறேன். நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். கூத்தில் கட்டியங்காரன் எல்லாக் காரியத்தையும் பார்த்துக்கொள்வதுபோல, அவரே காடு, அவரே மழை, அவரே வழிப்பறிக்காரன். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். ‘பாறையில் ஏறுகிறேன்’ என்று ஒருவர் சொன்னால், ஏறினாரா விழுந்தாரா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். நாவலாசிரியனுக்குப் பொறாமை தரக்கூடிய விளையாட்டு: கதாபாத்திரங்கள் தாங்களே பேசிக்கொள்கின்றன!

இதன் முதல் அச்சுப் புத்தகம் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் ஆக்கியது, 1974-ல் வெளிவந்தது. இருவரும் பொழுதுபோக்காக யுத்த விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள். பணம் வந்ததும் வழக்கும் வந்தது. தமக்குச் சேரவேண்டிய ராயல்டிக்காக ஆர்னிசன் 1979-ல் கோர்ட்டுக்குப் போனார், 1981-ல் சமரசமாயிற்று. டோல்கீன் கதையிலிருந்து எடுத்துக்கொண்ட ‘ஹாபிட்’ என்ற குள்ள ஜாதியை, உரிமைக்காரர்கள் வக்கீலைக் காட்டியதும் ‘ஹாஃப்லிங்’ என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். நம்முடைய ராட்சசனும் அந்தப் புத்தகங்களில் இருக்கிறான். புலித்தலை, பின்பக்கமாகத் திருகிய உள்ளங்கை, வாயில் புகைக்குழாய் சகிதம். அவனுக்குப் பெயர் மாற்றவில்லை. இலங்கேசுவரன் வக்கீல் வைக்கவில்லை போலிருக்கிறது.

அந்தப் பிரசுரக் கம்பெனியை 1997-ல் விஸார்ட்ஸ் ஆப் தி கோஸ்ட் வாங்கியது. 1999-ல் அதையே ஹாஸ்ப்ரோ என்ற பெரிய பொம்மைக் கம்பெனி விழுங்கியது. 2000-ல் ஒரு காரியம் செய்தார்கள். விதிகளின் சுருக்கத்தை வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் இதை வைத்துப் புத்தகம் எழுதி விற்கலாம் என்று ஒரு திறந்த லைசென்ஸ் கொடுத்தார்கள். உலகமெங்கும் பொழுதுபோக்காக எழுதியவர்கள் ஆயிரக்கணக்கில் அதை நம்பி எழுதினார்கள். சிலர் அதையே ஜீவனமாகவும் கொண்டார்கள்.

இருபத்திரண்டு வருஷம் கழிந்தது. 2023 ஜனவரியில் ஒரு புதிய லைசென்ஸின் நகல் வெளியே கசிந்தது. பழைய லைசென்ஸ் இனிச் செல்லாது. ஏழரை லட்சம் டாலருக்கு மேல் வரவு உள்ளவர்கள் அந்த மேல்வரவில் நூற்றுக்கு இருபத்தைந்து கட்டவேண்டும் என்று அதில் கண்டிருந்தது. நம் நாமக்கல் இளைஞருக்கு ஏழரை லட்சம் டாலர் எங்கே வரப்போகிறது என்று சிரிக்கலாம். அடுத்த ஷரத்தைப் படித்தால் சிரிப்பு வராது. எழுதியவர்கள் எழுதியதையெல்லாம் காசு கொடுக்காமல், என்றென்றைக்கும், எந்தக் காரியத்துக்கும் எடுத்தாளக் கம்பெனிக்கு உரிமை உண்டு. கம்பெனியோ முப்பது நாள் நோட்டீஸில் ஷரத்துகளை மாற்றலாம். அவர்களுக்கு நித்தியம், நமக்கு முப்பது நாள்!

பழைய லைசென்ஸை எப்படி ரத்து செய்ய முடியும் என்று கேட்பீர்கள். அதில் ‘நிரந்தரமானது’ என்ற சொல் இருந்தது. ‘திரும்பப் பெற முடியாதது’ என்ற சொல் இல்லை. ‘அங்கீகரிக்கப்பட்ட பதிப்பு’ என்று ஓரிடத்தில் வருகிறது. அங்கீகாரத்தை நாங்கள் எடுத்துவிட்டால் போயிற்று என்பது கம்பெனியின் வாதம். சொற்களை விற்றுப் பிழைக்கிறவன் நான். ஒரு சொல் இல்லாததால் இத்தனை குடும்பங்கள் நடுங்கியதை ஒரு கதையில் எழுதினால் மிகைப்படுத்துகிறான் என்பார்கள்.

ஜனங்கள் போட்ட கூச்சலில் கம்பெனி பணிந்தது. அந்த மாதம் 27-ந் தேதி பழைய லைசென்ஸைத் தொடுவதில்லை என்று அறிவித்தது. அதோடு அந்த விதிச்சுருக்கத்தையே திரும்பப் பெற முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் அனுமதியின் கீழ் விட்டுவிட்டது. 2025-ல் புதிய பதிப்பின் சுருக்கத்தையும் அவ்வாறே வெளியிட்டார்கள். மூலவர் பெயரைச் சொன்னால் போதும், எடுத்து ஆளலாம்.

“அப்படியானால் உமக்கு என்ன ஆட்சேபம்? சட்டத் தொல்லைதான் தீர்ந்ததே!” என்று யோசனைக்காரர்கள் என்மேல் பாயலாம். தீர்ந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாவைக்கு நூற்றெண்பது உயிர் கொடுத்தது சட்டம் அல்லவே. விதிதான் கொடுத்தது. காலித் தகர டப்பா என்று எண்ணி வாங்கினீர்கள். டப்பாவுக்குள் ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது. குகைக்குள் போ, இருப்பவனைக் கொல், அவன் பொன்னை எடு, அதனால் நீ பெரியவனாவாய் என்பது அந்தக் கதை. ஆதிப் பதிப்புகளில் கொண்டுவந்த பொற்காசு ஒன்றுக்கு அனுபவப் புள்ளி ஒன்று என்றே கணக்கு இருந்தது.

இந்த டப்பாவில் வல்வில் ஓரியை அடைத்துப் பாருங்கள். ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாயைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். கம்பெனியின் விதிச்சுருக்கத்தில் யானைக்கு எழுபத்தாறு உயிர்ப் புள்ளி. நெடுவில்லின் அம்புக்கு எட்டு முகப் பகடை. வில்லாளியின் கைத்திறனுக்கு அதிகபட்சம் ஐந்து கூட்டலாம். விசேஷ வரம் எதுவும் சேர்க்காமல் கணக்குப் போட்டால், சாதாரணத் தாக்கில் அம்பு ஒன்றுக்கு அதிகபட்சம் பதின்மூன்று. யானை ஒன்றுக்கே ஆறு அம்பு வேண்டும்! புலியும் மானும் பன்றியும் உடும்பும் அதுவரை வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான்.

கணக்கை விடுங்கள். கதையைப் பாருங்கள். அம்பு எய்தவன் அந்தப் பாட்டில் என்ன சம்பாதித்தான்? ஒன்றுமில்லை. காட்டில் எதிர்ப்பட்ட பாணர் கூட்டத்துக்கு வேட்டையின் இறைச்சியைச் சமைத்துப் போட்டான். தன் மலையின் பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்தான். புகழ்ந்தபோது வெட்கப்பட்டான். பெயரைக்கூடச் சொல்லவில்லை. கொன்று பொன் எடுப்பவனைப் பெரியவனாக்கும் விதியில், கொன்று சோறு போடுபவனுக்கு எங்கே இடம்?

எனக்குத் தோன்றிய விதி இது. ‘எய்கிறேன்’ என்று சொல்லுமுன், இன்று யார் யாருக்கு விருந்து வைக்கப்போகிறேன் என்று ஆடுகிறவன் பெயர் சொல்லவேண்டும். எத்தனை பெயர் சொல்லுகிறானோ அத்தனை உடலை ஓர் அம்பு துளைக்கும். சொன்ன பெயருக்குச் சோறு போடத் தவறினால் அடுத்த அம்பு வில்லைவிட்டே கிளம்பாது.

பாவைக்கும் ஒரு விதி. காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் அவள் வடிவைச் சிதைக்கமாட்டா என்பது சங்கப் புலவர்களின் கூற்று. சிரித்து மயக்கிக் கொல்வாள் என்பது பின்னால் வளர்ந்த கதை. ஆகவே அவளுக்கு எண்ணே கிடையாது. அவள் இருக்கும் வழியாகப் போகும்வரை மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் எவன் முகத்தில் சிரிப்பு வருகிறதோ — வேஷத்தின் முகத்தில் அல்ல, ஆளின் முகத்தில் — அவன் வேஷம் அங்கேயே முடிந்தது. கதை நடத்துகிறவர் அவர்களைச் சிரிக்க வைக்க என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பகடைக்கு அங்கே வேலை இல்லை.

இந்த இரண்டு விதிகளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்கவேண்டியதில்லை. நான் பெரிய தாராளக்காரன் என்று எண்ணவேண்டாம். கேட்கும்படி வைக்க எனக்கு அதிகாரமே இல்லை. விளையாடும் முறைக்குப் பேடண்ட் கிடையாது என்று நமது 1970-ஆம் வருஷத்துப் பேடண்ட் சட்டத்தின் மூன்றாம் பிரிவு வெளிப்படையாகச் சொல்லுகிறது. கருத்துக்குக் காப்பிரைட் இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று 1978-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆர். ஜி. ஆனந்த் என்ற நாடகாசிரியர், தம் நாடகத்தைச் சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று போட்ட வழக்கு அது. நாடகாசிரியர் தோற்றார். எழுத்தாளன் என்ற முறையில் அவருக்காக நான் வருந்துவது வேறு விஷயம், தீர்ப்பு சரியானதுதான். ஆகவே, மேலே சொன்ன விதிகளை எடுங்கள், மாற்றுங்கள், விற்றுக் காசு பண்ணுங்கள். அந்தப் பாராக்களை எழுத்துக்கு எழுத்து அச்சடித்தால் மட்டும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

தாயக்கட்டை ஆடுகிற பாட்டிமார்களைப் பாருங்கள். ஒரு தெருவில் தாயம் போட்டால்தான் காய் இறங்கும். அடுத்த தெருவில் வேறு வழக்கம். எந்தப் பாட்டியும் எந்தப் பாட்டியிடமும் லைசென்ஸ் வாங்கவில்லை. சொந்தமே இல்லாத ஒன்றுக்கு வாடகைச் சீட்டு எழுதிக் கொடுத்தபோது, ஆயிரக்கணக்கான பேர் கைகூப்பி வாங்கிக்கொண்டோமே, அதுதான் எனக்கு ஆச்சரியம்!

ஆனால், ‘எல்லாம் பொது, காகிதம் எதற்கு?’ என்று இருந்துவிடுவதும் ஆபத்து. அமெரிக்காவில் எலிசபெத் மாகி என்ற பெண்மணி 1904-ல் ஒரு விளையாட்டுக்குப் பேடண்ட் வாங்கினார். நிலச்சுவான்தார்களின் ஏகபோகம் எவ்வளவு கொடியது என்று ஜனங்களுக்குக் காட்டுவது அவர் நோக்கம். ஜனங்கள் வீட்டுக்கு வீடு கையால் படம் வரைந்து, தங்கள் ஊர்த் தெருப்பெயர்களை எழுதி ஆடினார்கள். அந்தக் கைப்பிரதிகளில் ஒன்றைத் திருத்தி, சார்லஸ் டாரோ என்பவர் 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனிக்கு விற்றார். அதுதான் மானோபொலி. மாகியின் பேடண்டைக் கம்பெனி ஐந்நூறு டாலருக்கு முடித்துக்கொண்டது. ஏகபோகத்தைக் கண்டிக்கப் பிறந்த விளையாட்டு ஏகபோகமாயிற்று. நம் ஊரிலும் பாரதி பாட்டைப் பாட ஒரு சினிமா முதலாளியின் சம்மதம் வேண்டியிருந்த காலம் உண்டு. 1949-ல் சர்க்கார் அதைப் பொதுவாக்கவேண்டியிருந்தது.

ஆகவே இளைஞர் ஒரு காகிதம் எழுதத்தான் வேண்டும். கம்பெனி காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்குப் பதில், தாமே எழுதவேண்டும். விதிகளின் வாசகத்தை எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கலாம். இது திரும்பப் பெற முடியாதது — இந்தச் சொல்லை மறக்கக்கூடாது. கால அளவையும் பிரதேசத்தையும் விளங்க எழுதவேண்டும். நமது 1957-ஆம் வருஷத்துக் காப்பிரைட் சட்டப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிக்காவிட்டால் ஐந்து வருஷம் என்றே கொள்ளப்படும். இடத்தைக் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று ஆகிவிடும். கதைகளும் படங்களும் புத்தகத்தின் பெயரும் அவருக்கே இருக்கட்டும். உழைத்தவன் சாப்பிட வேண்டாமா? காப்பிரைட்டே கூடாது என்கிற ஜாதி அல்ல நான்.

இப்படி ஒரு பங்கீடு கொல்லிமலைக்காரர்களுக்குப் புதிதும் அல்ல. அந்த மலையில் சாமையும் தினையும் பனிவரகும் கைமாறித்தான் பிழைத்து வந்திருக்கின்றன. அண்டை வீட்டில் விதை வாங்கினால் அறுவடையில் திருப்பிக் கொடுப்பார்கள். நடுவே மரவள்ளி வந்தது. நல்ல கிழங்குதான், கீழே சவ்வரிசி ஆலைக்காரர்கள் ரொக்கம் கொடுத்தார்கள். சாமைக் கொல்லைகள் சுருங்கின. 1990-களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராமத்து விதை வங்கிகளுக்கு உதவி, பழைய ரகங்களைக் காக்க முனைந்தது. 2001-ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விவசாயி தன் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். பாதுகாக்கப்பட்ட ரகத்தின் பெயரை ஒட்டிய பையில் போட்டு மட்டும் விற்கக்கூடாது. இளைஞர் எழுதவேண்டிய காகிதமும் ஏறக்குறைய இதுதான்.

ஒரு பாக்கி இருக்கிறது. பாவை செத்துப்போன பாட்டுக்காரியல்ல. மலைமேல் எட்டுக்கை அம்மன் என்று அவளுக்கு இன்றும் கோயில் இருக்கிறது. கும்பிடுகிற ஜனங்களும் இருக்கிறார்கள். கைப்பிரதியின் அட்டவணையில் அந்த ஜனங்கள் ‘மலைவாசி, உயிர்ப் புள்ளி நாலு’ என்று இருக்கிறார்கள். கையில் ஈட்டி வேறு! செம்மேட்டில் ஓரிக்குச் சிலை வைத்து, ஆடி மாதம் விழா நடக்கிறது. ஊரே அங்கு கூடும். இளைஞர் பிரதியைக் கம்பெனிக்கு அனுப்புவதற்கு முன்னால், ஒரு பஸ் டிக்கெட் வாங்கி, அந்த அட்டவணையை அவர்கள் நடுவே உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டட்டும். படித்து முடித்த பிறகும் அந்த நாலு அவருக்குச் சரியென்று பட்டால் அச்சுக்குக் கொடுக்கட்டும்.