முதலாளிக்கும் ஒரு சம்பளம்

யுத்தம் 2009இல் ஓய்ந்து ஏ9 வீதி பொதுமக்களின் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்ட பின்னர், வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை அவ்வீதியின் இருமருங்கும் எழுந்த புதிய கட்டடங்களுள் வங்கிகளுக்கும் லீசிங் கம்பனிகளுக்கும் உரியவை எத்தனை என்று கவனித்தவர்கள், வீட்டையும் தோட்டத்தையும் கடையையும் ஒருங்கே இழந்திருந்த ஒரு ஜனசமூகத்துக்கு மிகச் சுலபமாகக் கிடைத்த சரக்கு, கடன்தான் என்பதை மறுக்கமாட்டார்கள். அக்கடனைக் கொண்டு உழவு இயந்திரமும் முச்சக்கரவண்டியும் வாங்கினவர்களும், பலசரக்குக் கடையோ சிறு அரிசி ஆலையோ தையல் நிலையமோ தொடங்கினவர்களும் உழைப்பிலே யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். விடியப் புறத்தில் கடை திறந்து இரவு ஒன்பது மணிக்குப் பூட்டுகிற மனிதரிடம் போய் இன்னும் உழையுங்கள் என்று உபதேசிப்பது மூடத்தனம். தமது கடையைத் தாமே ஒரு பெரிய ஸ்தாபனத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரியினுடைய கண்கொண்டு வாரத்தில் ஒரு நாழிகையேனும் நோக்குகிற அவகாசம் மட்டுமே அவருக்கு வாய்க்கவில்லை.

அந்த அதிகாரியின் வேலைதான் என்ன? குளிரூட்டிய அறையும் கழுத்துப்பட்டியும் ஒருபுறம் இருக்க, கையிலுள்ள முதல் எவ்வளவு, அதை எதிலே இடுவது, எதிலே இடாமல் விடுவது என்று தீர்மானிப்பதே அவருடைய பிரதான கருமம். இவ்வித்தையை வன்னிக்கு வெளியூரார் வந்து போதிக்கவேண்டிய அவசியமில்லை. சிறுபோகம் தொடங்குமுன்னர் இரணைமடுக் குளத்தின் கீழ்ப் பயிரிடும் கமக்காரரும் நீர்ப்பாசனத் திணைக்களத்து அதிகாரிகளும் கூட்டம் கூடி, 36 அடி கொள்ளும் குளத்திலே அப்போது எத்தனை அடி நீர் நிற்கிறது என்று பார்த்து, அதற்கு அமைய எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள். நீர் குறைந்த வருஷத்திலே நல்ல வயலின் ஒரு பகுதியும் தரிசாகவே கிடக்கும். மனம் எவ்வளவு வருந்தினாலும் அந்த முடிவுக்குக் கட்டுப்படுகிற அதே மனிதர், கடைவாசலிலே கம்பனிப் பிரதிநிதி வந்து நின்று இரண்டாவது வாகனத்துக்கும் கடன் தருகிறோம் என்று சொல்லும்போது, தமது பெட்டியில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று பாராமலே கையெழுத்திடுகிறார்.

இக்கடனின் தவணையிலும் ஒரு விபரீதம் உண்டு. நெல் விளைகிற பூமியிலே காசு புழங்குவது காலபோக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியிலும், குளத்து நீர் வாய்த்தவர்களுக்கு ஆவணி, புரட்டாதியிலுமே. இடைப்பட்ட மாதங்களில் ஊரார் கடன் கொப்பியிலே எழுதிவிட்டுத்தான் அரிசியும் சீனியும் வாங்குவார்கள். ஆகையால் கடைக்காரருடைய பணமும் அறுவடைக்கு அறுவடைதான் திரும்பி வரும். நுண்கடன் நிறுவனத்தின் தவணையோ வாரந்தோறும் வாசலுக்கு வந்து நிற்கும். ஒரு தவணையைத் தீர்க்க இன்னொரு நிறுவனத்திடம் கடன் பட்டு, அதைத் தீர்க்க மூன்றாவதை நாடிய பெண்களின் துயரம் முற்றிய பின்னரே, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களை ரத்துச் செய்வதாக அரசாங்கம் 2018இல் அறிவித்தது. நுண்கடனுக்கு ஆண்டொன்றுக்கு 35 சதவீதம் என்ற வட்டி உச்சவரம்பும் அவ்வாண்டின் ஏற்பாடே. 35 சதவீதம் என்பதே நிவாரணமாகத் தோன்றிற்று என்றால், அதற்கு முந்திய நிலையை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

கடனை ஏற்குமுன் கடையின் பணத்தை வீட்டின் பணத்திலிருந்து பிரித்தறிய வேண்டும். பர்மாவிலும் மலாயாவிலும் கொழும்பிலும் லேவாதேவி நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களைப் பற்றி நமக்குப் பலவித அபிப்பிராயங்கள் இருக்கலாம். ஆயினும் கடையின் பணம் வேறு, வீட்டின் பணம் வேறு என்பதிலே அவர்கள் காட்டிய கண்டிப்பு வியக்கத்தக்கது. முதலாளி செட்டிநாட்டில் இருக்க, கடையை மூன்று வருஷத் தவணைக்குச் சம்பளம் பேசி வந்த ஏஜெண்டு நடத்துவார்; அவருக்குக் கீழே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிகள் உண்டு. எவர் எடுத்த காசாயினும் ஏட்டிலே ஏறும்.

நம்முடைய கடைகளில் நடப்பது என்ன? பிள்ளையின் ரியூசன் காசு பெட்டியிலிருந்து போகிறது, பால்மாவும் சவர்க்காரமும் தட்டிலிருந்து வீட்டுக்குப் போகின்றன, பகல் முழுவதும் கடையில் நிற்கும் மனைவியின் உழைப்புக்கு விலையே இல்லை, எதுவும் எழுதப்படுவதில்லை. ஆண்டின் இறுதியில் கடை நட்டப்பட்டதா, குடும்பம் அளவுக்கு மீறிச் செலவழித்ததா என்று பிரித்தறிய முடியாத குழப்பம் மிஞ்சுகிறது. முதலாளி தமக்கும் தம் மனைவிக்கும் ஒரு சம்பளத்தை நிர்ணயித்து, அது சொற்பமேயாயினும் மாதந்தோறும் எழுதி எடுத்து, தட்டிலிருந்து எடுக்கும் பொருளையும் அதிலே கழித்து வருவாரேயானால், அந்தச் சம்பளத்தைக்கூடத் தாங்காத வியாபாரம் எது என்பது ஆறு மாதத்துக்குள் தெரிந்துபோகும். இதற்குக் கணினியோ, பயிற்சிப் பட்டறைகளில் கட்டுகிற பதாகையோ வேண்டியதில்லை, ஒரு சி.ஆர். கொப்பி போதும்.

முதல் எது, இலாபம் எது என்று பிரித்தறியவேண்டும் என்பதையும் 2022ஆம் ஆண்டு கடுமையாகவே கற்பித்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. பழைய கொள்விலையின் மேல் வழக்கமான இலாபம் வைத்து விற்ற கடைக்காரர், அதே சரக்கை மறுபடி வாங்கப் போனபோது பெற்ற பணம் முக்காற்பங்குக்கும் காணாமல் நின்றார். இலாபம் என்று எண்ணி அவர் தின்றது தம்முடைய முதலைத்தான். மறுபடி வாங்கும் விலை என்ன என்று கேட்டு விற்பனை விலையை நிர்ணயிப்பது பேராசையன்று. கடை நிலைப்பதற்குரிய நியாயம்.

கணவரை யுத்தத்திலே இழந்து, தையல் இயந்திரம் ஒன்றை நம்பிப் பிள்ளைகளை வளர்க்கிற முல்லைத்தீவுப் பெண்ணிடம் நிர்வாக புத்தியை உபதேசிப்பது மட்டும் நியாயமாகாது என்பதையும் சொல்லவேண்டும். அவளுடைய கணக்கு எவ்வளவு செம்மையாக இருந்தாலும் வாரத் தவணை அதனைக் குலைத்துவிடும். பயிர்ச்செய்கைக் கடனைக் கமக்காரரிடம் அறுவடைக்குப் பின்னர் அறவிடுவது வங்கிகளுக்குப் புதிய வழக்கமன்று. அக்கமக்காரரையே வாடிக்கையாளராகக் கொண்ட கடைக்கும் ஆலைக்கும் தையல் நிலையத்துக்கும் அவ்விதமே தவணை வகுக்க வன்னியிலுள்ள வங்கிக் கிளைகள் முன்வருதல் வேண்டும். அப்படி வகுக்க மறுக்கிற இடத்திலே, பத்திரத்தில் கையெழுத்திடாமல் எழுந்து வருவதற்கு எந்தச் சிறு வியாபாரியும் வெட்கப்படவேண்டியதில்லை.