நீலம் பாய்ந்தால் தோல் டாக்டரா?

"தொடையிலே நீலமா ஒரு திட்டு. எங்கே இடிச்சேன்னு ஞாபகமே இல்லை!" போடியிலும் கம்பத்திலும் பல வீடுகளில் கேட்கிற பேச்சுதான் இது. உடனே புளியும் உப்பும் கரைத்துச் சூடாக ஒரு பற்று. அதிலும் போகாவிட்டால், "தோல் டாக்டரைப் பாரேன்" என்பார்கள். இந்த யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. நிறம் மாறியது தோல்தான்; கசிந்தது ரத்தமாயிற்றே!

தோலுக்கு அடியிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைந்து கசிவதுதான் ரத்தக்கட்டு. கருநீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி, பெரும்பாலும் 2 வாரத்தில் மறைந்துவிடும். முதல் 2 நாள் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் போதும், அழுத்தித் தேய்க்காதீர்கள். ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் நெருக்கியடித்துப் போகிறவர்களுக்கும், ஓடியாடும் பிள்ளைகளின் முழங்காலிலும் வருவது அநேகமாக இந்த ரகம்தான். பயம் வேண்டாம்.

அடியே படாமல் அடிக்கடி வந்தால்? கூடவே ஈறில், மூக்கில் ரத்தம், மாதவிலக்கில் அதிகப் போக்கு, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், காய்ச்சல் இருந்தால்? "உடம்புச் சூடு" என்று தள்ளிப்போடக் கூடாது. தட்டணுக் குறைவு, கல்லீரல் கோளாறு, ஹீமோபிலியா, சில சமயம் ரத்தப் புற்றுநோய்கூடக் காரணமாக இருக்கலாம். ஆஸ்பிரின், வார்ஃபரின் மாதிரி மருந்துகளாலும் வரும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, எந்த டாக்டர்? முதலில் குடும்ப டாக்டர். பிள்ளைகளுக்குக் குழந்தை நல டாக்டர். எப்போது வந்தது, என்ன மாத்திரை சாப்பிடுகிறோம், குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் நிற்காத வழக்கம் உண்டா? மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். தட்டணு எண்ணிக்கையும் ரத்தம் உறையும் தன்மையும் பார்க்கச் சொல்வார். தட்டணு ஒரு மைக்ரோ லிட்டரில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருப்பது இயல்பு. கோளாறு தெரிந்தால்தான் ரத்தநோய் நிபுணர், அதாவது ஹெமட்டாலஜிஸ்ட். கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, அங்கிருந்து எழுதி வாங்கிக்கொண்டு மேலே போகலாம். வேலூர் சி.எம்.சி.யில் ரத்தநோய்க்கென்றே தனித்துறை இருக்கிறது.

ரத்தம் நிற்காமல் வந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ இந்த வரிசையெல்லாம் வேண்டாம். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள். மற்றபடி, பெரிய டாக்டரைத் தேடி மதுரைக்குப் பஸ் ஏறுமுன் உள்ளூரில் ஒரு ரத்தப் பரிசோதனை. யாரைப் பார்க்க வேண்டும் என்பதை அதுவே பாதி சொல்லிவிடும்.